இசை கேள்வி – பதில்: விற்காத தட்டைக் காத்தவர்கள்

சென்ற இதழில் நிக் டிரேக் என்ற ஆங்கிலப் பாடகரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடியவர். மூன்று ஆல்பங்கள் வெளியிட்டுவிட்டு, 1974 நவம்பரில் 26 வயதில் இறந்துபோனார். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த முறை பதில்கள் எல்லாம் அவரைச் சுற்றியே.

கல்லூரி மாணவர், மேலூர்: ஐயா, அவர் இருந்த காலத்தில் இசைத்தட்டுகள் விற்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்று மேலூரில் உட்கார்ந்து நான் கேட்கிறேன். இதெல்லாம் ஒரு கார் விளம்பரத்தால் வந்த புகழ் என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: விளம்பரம் உண்மைதான் தம்பி. 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் கார் விளம்பரத்துக்கு ‘பிங்க் மூன்’ பாட்டை எடுத்துக்கொண்டது. இரவில் நான்கு இளைஞர்கள் திறந்த காரில் போவார்கள். பின்னணியில் அந்தக் குரல். விற்பனை மளமளவென்று ஏறியது. ஆனால் உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: 1972இல் வெளிவந்து யாரும் வாங்காத ஒரு பாட்டு, அந்த விளம்பரக்காரர்களின் கைக்கு எப்படிக் கிடைத்தது?

கிடைத்தது, ஏனென்றால் கடையில் இருந்தது. ஏன் இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிக் டிரேக்கின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவர் ஜோ பாய்ட் என்ற அமெரிக்கர். லண்டனில் அவர் நடத்திவந்த சிறிய நிறுவனத்தைப் பிற்பாடு ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றுவிட்டு அமெரிக்கா திரும்பினார். விற்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: நிக் டிரேக்கின் தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது. ஒவ்வொன்றும் 5,000 பிரதிகூடப் போகாத தட்டுகள் அவை. வியாபாரக் கணக்குப்படி அடுத்த ஆண்டே தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை.

1980களில் மதுரையில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் தட்டிலிருந்து 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். அலமாரியில் இருக்கிற தட்டு என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் காதில் விழும். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போய்விட்ட தட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவ்வளவுதான். அதனால்தான் பாய்ட் போட்ட அந்த ஒரு நிபந்தனையின் அருமை எனக்குப் புரிகிறது.

அவர் மட்டும் அல்ல. 1979இல் மூன்று ஆல்பங்களையும் சேர்த்து ‘ஃபுரூட் ட்ரீ’ என்ற பெட்டித் தொகுப்பு வந்தது. 1985இல் ‘ட்ரீம் அகாடமி’ என்ற குழு தங்கள் பெரிய வெற்றிப் பாட்டை நிக் டிரேக்குக்குச் சமர்ப்பித்தது; யார் இவர் என்று பலர் தேடியது அப்போதுதான். இதற்கெல்லாம் நடுவில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இங்கிலாந்தில் டான்வொர்த்-இன்-ஆர்டன் கிராமத்து வீட்டில் இருந்தார்கள். மகனின் பாட்டைக் கேட்டுவிட்டு முன்பின் தெரியாத இளைஞர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே அழைத்து, மகன் வீட்டில் பாடிப் பதிந்த டேப்களைப் பிரதி எடுத்துக்கொள்ளவும் விடுவார்கள். விளம்பரம் வந்தது இத்தனைக்கும் பிறகு. வேலையை முடித்து வைத்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள்.

வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்): என் தாத்தா ரங்கூனில் கடைக் கணக்கு எழுதியவர். நிக் டிரேக்கும் ரங்கூனில் பிறந்தவர் என்று படித்தேன். எப்படி?

பதில்: அவருடைய அப்பா ராட்னி டிரேக் ஒரு பொறியாளர். தேக்கு மர வியாபாரத்தில் பெரிய கையான பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் வேலை. அம்மா மாலி. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது மாலியும் அவர் சகோதரியும் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள்; இருவரும் சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடியிருக்கிறார்கள். மகள் கேப்ரியல் 1944இல் லாகூரில் பிறந்தார், பிற்காலத்தில் நடிகையானவர். போர் முடிந்து குடும்பம் ரங்கூன் திரும்பியது. பர்மா விடுதலை பெற்ற அதே 1948இல், ஜூன் 19ஆம் தேதி நிக் பிறந்தார். சில ஆண்டுகளில் பம்பாய் வழியாக இங்கிலாந்து போய்விட்டார்கள்.

உங்கள் தாத்தா காலத்து மனிதர்கள் அதே 1942இல் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தவர்கள். எத்தனையோ பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு குடும்பங்களின் வாழ்க்கையும் ஒன்றல்ல. அதை ஒன்றாக்கி நான் எழுத மாட்டேன்.

ஆனால் அந்த அம்மாவை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். மாலி டிரேக் வீட்டில் பியானோ வாசித்துத் தானே எழுதிய பாட்டுகளைப் பாடுவார். கணவர் அதை டேப்பில் பதிந்து வைத்தார். வெளியுலகத்துக்காகப் பாடியதல்ல. 2013இல் அது ஆல்பமாக வந்தபோது மாலி இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மகனின் பாட்டில் ஒரு வரி முடிகிற இடத்தில் ஸ்வரம் சற்றே வழுவி, எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும். அது எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கிட்டார் பழகும் மாணவி, அண்ணா நகர், மதுரை: கோடு போட்டு எழுதிய இசைக் குறிப்பைப் பார்த்து வாசித்தாலும் அவருடைய ஒலி வரவில்லையே, ஏன்?

பதில்: முதல் காரணம் சுதி. வழக்கமாகக் கிட்டாரின் ஆறு தந்திகளை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கூட்டுகிறோம். ‘பிங்க் மூன்’ பாட்டுக்கு அவர் வைத்தது சி, ஜி, சி, எஃப், சி, ஈ. அதற்கு மேல் இரண்டாவது கட்டையில் கேப்போ, அதாவது ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி. தடித்த தந்தி நன்றாகத் தளர்ந்து, அடியில் ஒரு முழக்கம் கிடைக்கும். பாட்டுக்குப் பாட்டு சுதி மாற்றுவார். மேடையில் இது அவருக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. அவர் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். கூட்டத்தோடு பேச்சுக் கொடுத்துச் சமாளிக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. கச்சேரிகளையே அநேகமாக நிறுத்திவிட்டார்.

இரண்டாவது, வலது கைக் கட்டைவிரல். மேல் தந்திகளில் மற்ற விரல்கள் என்ன செய்தாலும் கட்டைவிரலின் கால அளவு பிசகாது. ‘ரிவர் மேன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் மகளே. அதற்குச் சாதாரணச் சுதியே போதும். கஷ்டம் தாளத்தில். ஐந்து எண்ணிக்கை! நம் கண்டச் சாபுக்காரர்களுக்கு இது புதிதல்ல. அந்த ஊர்ப் பாட்டுகளில் அபூர்வம். கிட்டாரைத் தொடுவதற்கு முன் ‘தக தகிட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே பாட்டைக் கேளுங்கள். அவர் குரல் அந்த ஐந்துக்குள் அடங்காமல், தாளம் தொடங்கிய பின்பு வந்து சேரும். கட்டைவிரலோ அசையாமல் எண்ணிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்கிறார்.

ஒரு தாய், திருமங்கலம்: பிளஸ் டூ படிக்கும் என் மகன் இந்தப் பாட்டையே இரவெல்லாம் கேட்கிறான். அந்தப் பையன் மனச்சோர்வில் இறந்தவன் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தடுக்கட்டுமா?

பதில்: அம்மா, தடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். ‘எந்தப் பாட்டு உனக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்கும் போடு’ என்று கேளுங்கள். சோகப் பாட்டு ஒரு பிள்ளைக்கு நோயைக் கொண்டுவருவதில்லை. ஆனால் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால், நண்பர்களை விட்டு விலகினால், ‘எதற்கு இருக்க வேண்டும்’ என்ற விதமாகப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். நிக் டிரேக் என்றாலே நோயுற்ற ஒரு நிழலைப் போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. முதல் ஆல்பத்தின்போது அவருக்கு இருபது வயதுதான். வயலின் பகுதிகளை எழுதுவதற்குப் பெரிய இடத்து ஆள் ஒருவரைத் தயாரிப்பாளர் கொண்டுவந்தார். இது என் பாட்டுக்குச் சேராது என்று சொல்லிவிட்டு, கேம்பிரிட்ஜில் தன்னோடு படித்த நண்பர் ராபர்ட் கர்பியை அழைத்து வந்தார் நிக். அந்த முடிவு எவ்வளவு சரி என்று இன்றும் கேட்கலாம். வேண்டியது இன்னதென்று அறிந்த கலைஞன் அவர். அந்தப் பாட்டுகளைச் செய்தது அந்தத் தெளிவு. பிறகு வந்த நோய் அவரைப் பாடவிடாமல் செய்தது.

வாசகி, வாடிப்பட்டி: இந்தத் துறையில் இறந்தால்தான் மதிப்பா?

பதில்: இல்லை. ஆங்கிலப் பாடகி வஷ்டி பன்யன் இருக்கிறாரே. அதே ஜோ பாய்ட் தயாரித்த அவருடைய முதல் ஆல்பம் 1970இல் வந்தது, யாரும் சீந்தவில்லை. பாடுவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 2000இல் அது மறுபதிப்பாக வந்ததும் புதிய தலைமுறை தேடிக் கேட்டது. 2005இல் அடுத்த ஆல்பம்! முப்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. தன்னை மற்றவர்கள் கேட்பதை அவர் கண்ணால் பார்த்தார். நிக் டிரேக்குக்கு அது கிடைக்கவில்லை என்பது இழப்பே தவிர, அவர் பாட்டுக்கு அதனால் ஓர் அணு அளவும் மதிப்புக் கூடவில்லை.

வாசகர், அலங்காநல்லூர்: நம் பக்கம் இப்படிப்பட்டவர்கள் இல்லையா அண்ணா?

பதில்: இல்லாமலா? கொல்லங்குடி கருப்பாயி பாட்டைத் தானே கட்டிப் பாடியவர். 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் வந்த பிறகுதான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார். நம் மதுரைக்குப் பக்கத்துப் பரவை முனியம்மா ஊர் ஊராகக் கோயில் திருவிழாக்களில் பாடிக்கொண்டிருந்தவர். 2003இல் ‘தூள்’ வந்தது, அதற்கப்புறம்தான் நகரத்துக்காரர்கள் பேர் கேட்டார்கள். இருவரும் அதற்கு முன்பே பாடகிகள்தான், முழுப் பாடகிகள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. என் கடைக்கு வந்த எத்தனையோ கேசட்டுகளில் ‘கிராமியப் பாடல்கள்’ என்று மட்டும் போட்டிருக்கும். பாடியவர் பெயர் இராது. பாட்டைக் கட்டியவர் பெயர் கேட்கவே வேண்டாம். ஒப்பாரியோ நடவுப் பாட்டோ, ஊருக்கே பொதுவான பழைய பாட்டு எது, இந்தப் பாட்டி போன வருடம் தானே கட்டியது எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. ஒருவர் தலையில் உதித்த பாட்டு ஊர்ப் பாட்டு என்ற பெயரில் கரைந்துவிடுகிறது. அவருக்குப் பின்னால் யாரும் தேடிவர முடியாது. தேடுவதற்குப் பெயர் வேண்டுமே.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படிக் கேசட் இருந்தால் எடுத்ததும் டேப் ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். பூஞ்சையோ பிசுபிசுப்போ இல்லாவிட்டால் ஒரு முறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பிறகு கம்பி வழியாகக் கணினியில் பதியுங்கள். கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலுள்ள காந்தம் ஆகாது. பதியும் வேலைகூட அடுத்த வாரம் நடக்கட்டும். பாடியது யார், எந்த ஊர், அந்தப் பாட்டை யார் கட்டினார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டு உறையின் மேல் எழுதிவிடுங்கள்.