ஏபி கிரெடிட்டை எதில் செலவழிப்பது?

தம்பி, கோவையிலிருந்து நியூஜெர்சி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, பெண் 11-ஆம் வகுப்பில் ஏபி (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரி அளவுப் பாடம்) பயாலஜி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ் மூன்றும் படிக்கிறாள், அதற்குக் கல்லூரி கொடுக்கிற கிரெடிட்டை (அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைப்பதை) வைத்துக் கல்லூரியில் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்துச் சீக்கிரம் டாக்டராகலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பெண்ணும் இதே கணக்கைத்தான் போட்டாள். போட்டுக் கொடுத்ததே நான்தான்.

ஊரில் பிளஸ் டூ, நீட், நேராக எம்பிபிஎஸ். இங்கே முதலில் 4 வருஷ டிகிரி, அப்புறம் 4 வருஷம் மெடிக்கல் ஸ்கூல். ப்ரீ-மெட் என்று தனி டிகிரி கிடையாது. எதை மேஜராக எடுத்தாலும் சரி, மெடிக்கல் ஸ்கூல் கேட்கிற பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸை லேபோடு முடித்திருக்க வேண்டும்.

என் பெண் ஏபி கெமிஸ்ட்ரியில் 5-க்கு 5 வாங்கினாள். கல்லூரியும் ஒரு வருஷத்து கிரெடிட்டைக் கொடுத்துவிட்டது. முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் போய் உட்கார்ந்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் இரண்டாம் வருஷம். அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி 11 மணிக்குப் போன். "லேப் நோட்டை எப்படி எழுதணும்னே தெரியலம்மா, எல்லாரும் போன வருஷமே கத்துக்கிட்டு வந்திருக்காங்க." மிட்டெர்மில் 52. கடைசியில் சி பிளஸ்.

கொடுமை என்னவென்றால், ஏபியில் வாங்கிய அந்த 5, ஜிபிஏவுக்குள் (கல்லூரி கிரேடுகளின் சராசரி) வரவே வராது. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கு ஆம்காஸ் என்கிற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏபி அதில் கிரெடிட்டாக மட்டும்தான் ஏறும், கிரேடு கிடையாது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு சயன்ஸ் ஜிபிஏ வேறு போடுவார்கள். தெரிந்த பாடத்தையே கல்லூரியில் உட்கார்ந்து படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இரண்டு ஏ போனது. சி பிளஸ் மட்டும் நின்றது.

அதனால் உங்கள் பெண் கால்குலஸ் கிரெடிட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். கெமிஸ்ட்ரியை முதலிலிருந்தே படிக்கட்டும், அந்த கிரெடிட்டை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கும் அந்த அடிப்படைதான் வேண்டும். பயாலஜி கிரெடிட்டை எடுத்தால், ஜெனெடிக்ஸ், செல் பயாலஜி என்று மேல் பாடங்களைப் படித்து ஈடுகட்டிவிட வேண்டும். நிறைய ஸ்கூல்கள் அப்படித்தான் ஒப்புக்கொள்கின்றன, சில ஒப்புக்கொள்வதே இல்லை. மெடிக்கல் ஸ்கூல்களின் சேர்க்கை விதிகளைத் தொகுத்த எம்எஸ்ஏஆர் பட்டியலில் ஒவ்வொன்றின் விதியும் இருக்கும். கவுன்சிலர் சொன்னார் என்று விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எச்-1பி வேலை விசாவில்தான் வந்திருக்கிறீர்கள் என்றால், 21 வயதானதும் பெண்ணின் எச்-4 (உங்களைச் சார்ந்தவர் விசா) முடிந்துவிடும். கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இல்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளை நிறைய மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதில்லை. ஒரு வருஷத்தை மிச்சம் பிடிப்பது இருக்கட்டும், உங்கள் கம்பெனி கிரீன் கார்டு வேலையை ஆரம்பித்துவிட்டதா?