கொலாஜன் கிரீமுக்கு 1,850 ரூபாயா?

கேள்வி: எனக்கு 57 வயது. கண்ணோரத்திலும் கன்னத்திலும் சுருக்கம் விழுந்துவிட்டது. தோலும் வறண்டு கிடக்கிறது. கடையில் கொலாஜன் கிரீம் ஒன்றைக் காட்டி, ஒரே வாரத்தில் சுருக்கம் போய்விடும் என்கிறார்கள். 50 கிராம் 1,850 ரூபாய். வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளிலேயே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் குறைந்ததை மேலே பூசி நிரப்ப முடியாது. கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த வேலையைக் கிளிசரின் சேர்ந்த மலிவான மாய்ஸ்சரைசரே செய்துவிடும். வறண்ட தோலில் ஈரம் ஏறினால் மெல்லிய கோடுகள் மங்கியதுபோல் தெரியும். ஒரு வாரப் பலனின் சூட்சுமம் இவ்வளவுதான்.

உங்கள் ரவிக்கைக் கை முடியும் இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். துணிக்குள் இருந்த தோல் மழமழவென்று இருக்கும். அதற்குக் கீழே கறுத்து, சொரசொரத்து, புள்ளி விழுந்திருக்கும். இரண்டுக்கும் வயது 57. நடுவில் நிற்பது வெயில். எனவே முதல் செலவு சன்ஸ்கிரீனுக்கு. எஸ்.பி.எஃப். என்ற வெயில் தடுப்பு எண் 30 இருந்தால் போதும், 50-க்கும் அதற்கும் தடுப்பில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். பலர் கவனிக்காதது ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கூட்டல் குறிகளை. தோலின் ஆழம்வரை போய்ச் சுருக்கத்தை உண்டாக்கும் புறஊதா ஏ கதிருக்கான குறி அது. குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்க வேண்டும். அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். பொட்டளவு தொட்டுத் தடவி ஒரு குழாயை ஆறு மாதம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கிடைப்பது வாசனை மட்டும்.

பணம் மிஞ்சினால் ரெட்டினால். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது; சுருக்கத்தை ஓரளவு குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் அகன்ற வாய் டப்பாவைத் தவிர்த்து, குழாயிலோ பம்ப் பாட்டிலிலோ வருவதை எடுங்கள். வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு. முதலில் லேசாகத் தோல் உரியலாம். மூன்று மாதத்துக்கு முன் கண்ணாடியிடம் கணக்குக் கேட்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இதைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் ஒரே குழாயை எல்லோரும் எடுப்பது வழக்கமாயிற்றே!

அட்டையிலேயே ‘ஏழு நாளில் சுருக்கம் மறையும்’ என்று அச்சடித்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கேள்வி: மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிய களிம்பைப் பூசினேன். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. தொடரலாமா?
- வாசகர், சேலம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் ஸ்டீராய்டு களிம்பைப் போல இருக்கிறது. குழாயில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இவை நோய்க்கான மருந்துகள். அழகுக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் கோடுகோடாகத் தெரிந்து, இன்னும் சீக்கிரம் முதுமை தட்டும். இத்தகைய களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நீங்களாகத் தொடரவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்தக் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள்.