ஈனாக் பிராட் நூலகத்தைக் கட்டிக் கொடுத்த பிறகும் பால்டிமோர் நகரம் ஏன் ஆண்டுதோறும் பணம் தருகிறது?

நிலைநிதி என்பது முதலைத் தொடாமல், அதன் வருவாயை மட்டும் குறிப்பிட்ட பணிக்குச் செலவிடும்படி ஒப்படைக்கப்படும் கொடை. கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை விற்காமல், அதன் விளைச்சலில் விளக்கெரிப்பதைப் போன்றது அது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகர வணிகரான ஈனாக் பிராட், 1882-இல் நூலகக் கட்டடத்தோடு 8,33,333 டாலரையும் நிலைநிதியாக நகரத்துக்கு வழங்க முன்வந்தபோது, நகரம் ஆண்டுதோறும் 50,000 டாலரை நூலகத்துக்கு என்றென்றும் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். கணக்குப் பார்த்தால், அது அந்த முதலுக்கு ஏறத்தாழ 6 விழுக்காட்டு வட்டி; பிராட் வங்கித் தொழிலும் அறிந்தவர் என்பது இதிலேயே தெரிகிறது. கட்டடம் ஒருமுறைச் செலவு. புத்தகம், ஊழியர் சம்பளம், பராமரிப்பு ஆகியவையோ ஒருநாளும் முடியாத செலவுகள் என்பதால், கட்டடத்தை மட்டும் தந்திருந்தால் சில ஆண்டுகளில் அது வெறும் அலமாரிகளோடு நின்றிருக்கக்கூடும். நிர்வாகத்தை அரசியல்வாதிகளிடம் விடாமல் தனி அறங்காவலர் குழுவிடம் அவர் ஒப்படைத்ததே, என் பார்வையில், பணத்தைவிடப் பெரிய முன்யோசனை.

1886-இல் திறக்கப்பட்ட அந்நூலகம் செல்வர், ஏழை, இனம், நிறம் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் உரியது என்பது அவர் விருப்பம். பின்னாளில் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியும் கட்டட நிதி கேட்ட ஊர்களிடம் ஆண்டுப் பராமரிப்புக்கு உறுதி கேட்டார்.

கொடையாளர் பெயரைத் தாங்குவதால் இது தனியார் நூலகம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நூலகப் பயிற்சி வகுப்பில் கறுப்பினப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட வழக்கில், 1945-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அரசு சார்ந்த அமைப்பாகவே கருதி, அந்த மறுப்பு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.