நாடா எழவில்லை, கூட்டம் எழுந்தது: வாசகர் கேள்வி பதில்

ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் 2025ஆம் ஆண்டு உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் தீர்மானமானதைக் குறித்து, சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நாங்கள் எண்ணவில்லை. பெரும்பாலோர் வீரர்களை விட்டுவிட்டு, அரங்கில் அமர்ந்திருக்கும் கூட்டத்தைப் பற்றியே கேட்டிருந்தமையால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கும்பகோணம் வாசகி: ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதாமே. அதற்காக ஒருவர் ரயிலேறிப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாரா?

ரயிலேறிப் போகிறார்கள், சிலர் கடல் தாண்டியும் போகிறார்கள். நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாகவே வளைந்து செல்லும் முட்டை வடிவத் தடம், பிரேக் இல்லாத 500 சி.சி. வண்டி என்பதோடு ஆட்டத்தின் இலக்கணம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றும் இல்லை. கிராண்ட் பிரீ எனப்படும் உலகத் தொடரின் ஓர் இரவில், 16 வீரர்கள் முதலில் 20 ஓட்டங்களில் மோதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம், ஒவ்வோர் ஓட்டத்திலும் மூன்று எதிரிகள். ஆக, எஞ்சிய 15 பேரையும் ஒவ்வொருவரும் சரியாக ஒரே ஒரு முறை எதிர்கொள்ளும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. இறுதியை நோக்கிய ஓட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த அட்டவணை ரசிகரின் மடியில் இருக்கிறது என்பதுதான் தங்கள் கேள்விக்கு உரிய விடை. வாயிலில் வாங்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஓட்டங்கள் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். பெயருக்கு எதிரே சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று தலைக்கவசத்தின் நிறம் குறிக்கப்பட்டிருக்கும். ஓட்டம் முடிந்து புழுதி அடங்குவதற்குள் பேனாக்கள் வெளியே வந்துவிடும். விழுந்தவருக்கு எஃப், புறப்படும் இடத்தில் தடத்தின் குறுக்கே கட்டியிருக்கும் நாடாவைத் தொட்டு விலக்கப்பட்டவருக்கு டி, வேறு தவற்றுக்காக விலக்கப்பட்டவருக்கு எக்ஸ் என்று ஆங்கில நாட்டு ரசிகர்கள் எழுதிக்கொள்வார்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில், யாருக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரருடன் கணக்குப் பார்ப்பார்கள். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் ஸ்கோர் எழுதிய பெரியவர்கள் தங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால், மூன்று மணி நேரம் எப்படிப் போயிற்று என்று சொல்வார்கள்.

மன்னார்குடி வாசகர்: 2015இல் வார்சா நகரில், சொந்த நாட்டு வீரரின் பிரிவுபசார நாளிலேயே போலந்து ரசிகர்கள் கூச்சலிட்டார்கள் என்று குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது நன்றி கெட்ட செயல் அல்லவா?

ஒரு வரியில் எழுதியது எங்கள் பிழை. அந்த இரவை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தவர்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டின் தனிநபர் உலகப் பட்டம் போலந்துக்கு முதன்முதலாக 1973இல், ஹோஜூஃப் நகரில், ஒரு பெருங்கூட்டத்தின் முன்னிலையில் யெஜி ஷ்சாகியேல் என்பவரால் கிடைத்தது. அடுத்த பட்டம் டோமாஷ் கோலோப் 2010இல் வெல்லும் வரை வரவில்லை. இடையில் 37 ஆண்டுகள். இத்தனைக்கும் அங்கே இது சிறு நகரங்களின் விளையாட்டு. தங்கள் மன்னார்குடியை ஒத்த அளவுள்ள லெஷ்னோ என்னும் ஊருக்குச் சொந்த அரங்கமும், தலைமுறை தலைமுறையாக வரும் குழுவும் உண்டு. அந்த கோலோப், 44 வயதில், தலைநகரத்தின் தேசிய கால்பந்து மைதானத்தில் நடக்கும் கிராண்ட் பிரீயில் விடைபெறுகிறார் என்றதும் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். 2015 ஏப்ரல் 18, சனிக்கிழமை.

கால்பந்து மைதானத்தில் ஸ்பீட்வே நடத்த வேண்டுமானால், மண்ணைக் கொண்டுவந்து கொட்டிச் சில நாட்களில் தற்காலிகத் தடம் போட வேண்டும். அன்று அந்தத் தடம் சக்கரங்களுக்குத் தாங்காமல் கிழிந்து குழி விழுந்தது. அதைக் காட்டிலும் மோசமானது, புறப்பாட்டு இயந்திரம் மீண்டும் மீண்டும் பழுதுபட்டது. தடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய நாடாக்கள், நடுவர் பொத்தானை அழுத்தியதும் ஒரே கணத்தில் மேலே தாவ வேண்டும். இந்தப் பந்தயத்தில் முதல் வளைவை முதலில் பிடித்தவருக்கே பெரும் சாதகம். பின்னால் வருபவர் முன்வண்டி வாரியடிக்கும் மண்ணை முகத்தில் வாங்கிக்கொண்டு வழி தேட வேண்டும். ஆகவே நாடா ஒழுங்காக எழாத ஓட்டம், காசைச் சுண்டாமலே டாஸ் முடிவை அறிவித்ததற்குச் சமம். 12 ஓட்டங்களோடு எல்லாவற்றையும் நிறுத்தி, அதுவரை சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு ஸ்லோவேனியாவின் மாதேய் ஜாகர் வென்றதாக அறிவித்தார்கள். ஜாகர் பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்போது எழுந்தது விசில். நம் ஊர்த் திரையரங்கில் நாயகன் தோன்றும்போது பறக்கும் விசிலை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கக் கூடாது. ஐரோப்பியக் கண்டத்தில் அரங்கத்து விசில் என்பது ஏளனம். 50 ஆயிரம் பேர் விரலை வாயில் வைத்தால் அது வசை. அந்த வசை கோலோப்புக்கு உரியது அல்ல. அவர் தோற்றிருந்தால் கூட்டம் பொறுத்துக்கொண்டிருக்கும், எழுந்து நின்று கைதட்டியும் இருக்கும். தோற்பதற்குக்கூட அவருக்கு முழு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை என்பதே குறை. இதை நன்றி கெட்ட செயல் என்று நான் சொல்ல மாட்டேன். மறு ஆண்டே கிராண்ட் பிரீ அதே மைதானத்துக்குத் திரும்பியபோது, ரசிகர்களும் திரும்பி வந்தார்கள்.

நன்னிலம் வாசகர்: கோவையிலேயே ஸ்பீட்வே இருக்கும்போது போலந்து எதற்கு?

செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயின் பெயரில் மட்டுமே அந்தச் சொல் உண்டு. அது இடமும் வலமும் வளைவுகள் கொண்ட தார்த் தடம். நாம் பேசுவது மண் தடம்.

வல்லம் வாசகர்: மண் தடம் என்கிறீர்கள். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் போட முடியாதா? வளைவுப் பக்கம் உட்கார்ந்தால் மண் மேலே விழும் என்பது உண்மையா?

உண்மை. வளைவில் வண்டி நேராகத் திரும்புவதில்லை. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே இடப்பக்கம் செல்கிறார்கள். இடக்காலில் மாட்டிய இரும்புக் காலணி தரையில் தேய்ந்துகொண்டு போகும். அந்தச் சக்கரம் வாரி இறைப்பது வேலியைத் தாண்டி முன்வரிசைக்கும் வந்து சேரும். விவரம் தெரிந்தவர்கள் அங்கே வெள்ளைச் சட்டையோடு உட்காருவதில்லை; மண்ணுக்காகவே அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

இனி மண். கீழே இறுகிய தளம், அதன்மேல் சக்கரம் பற்றிக்கொள்ளத்தக்க தளர்ந்த பொடிக்கல் அடுக்கு. முற்காலத்தில் நிலக்கரி எரிந்த உலைக் கசடைக் கொட்டினார்கள். போலந்து மொழியில் இந்த விளையாட்டின் பெயரே அந்தக் கசடைக் குறிக்கும் சொல்தான். தஞ்சையிலிருந்து கிழக்கே உள்ள நம் வண்டல் களி இதற்கு உதவாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் நாற்று நடலாம். தங்கள் ஊர்ச் சரளைச் செம்மண் அதைவிட நெருங்கிவரும் என்றே நினைக்கிறேன், ஆனால் மண்ணைவிட நீர்ப்பதம் முக்கியம். அதற்காகவே சில ஓட்டங்களுக்கு ஒரு முறை டிராக்டர்கள் இறங்கித் தடத்தைச் சமன் செய்கின்றன, தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போகிறது. பதம் தவறினால் முதலில் கண்டுபிடிப்பது கூட்டம்தான். வரிசை வரிசையாகக் கைக்குட்டை மூக்குக்குப் போகும். 2008இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஹென் அரங்கில் போட்ட தடம் ஓடத் தகுதியற்றது என்று கண்டு, அந்த ஆண்டுத் தொடரின் கடைசிப் போட்டியையே போலந்தின் பிட்கோஷ் நகருக்கு மாற்ற நேர்ந்தது. பயணச்சீட்டும் விடுதியும் ஏற்பாடு செய்துகொண்டு போனவர்களின் மனநிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

தரங்கம்பாடி வாசகர்: டென்மார்க்காரர் கட்டிய கோட்டையின் நிழலில் வாழ்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். 2025 இறுதிச் சுற்று டென்மார்க்கில்தானே நடந்தது? வென்றவருக்குப் பட்டம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், குழப்பமாக இருக்கிறது.

டேன்ஸ்போர்க் கோட்டைக்காரர்களின் நாடு இந்த விளையாட்டில் சிறு நாடு அல்ல. ஓலே ஓல்சன் 1971, 1975, 1978 ஆகிய ஆண்டுகளிலும், நிக்கி பெடர்சன் 2003, 2007, 2008 ஆகிய ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றவர்கள். பெடர்சனின் முரட்டு ஓட்டம் காரணமாக வெளிநாட்டு அரங்குகளில் அவர் பெயரை அறிவித்தாலே எதிர்ப்புக் குரல் கிளம்பும். அவருக்கு அது பழகிப்போயிற்று.

2025 செப்டம்பரில் வோயன்ஸ் என்ற டேனிஷ் ஊரில் நடந்த, தொடரின் கடைசிப் போட்டியின் இறுதி ஓட்டத்தில், ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ் முதலாவதாக வந்தார். போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் இரண்டாவதாக வந்தார். பட்டமோ ஆண்டு முழுவதும் சேர்ந்த புள்ளிகளைப் பொறுத்தது. ஸ்மார்ஸ்லிக்குக்கு 183, கர்ட்ஸுக்கு 182. ஆகவே ஓட்டத்தில் முந்தியவரும் பட்டத்தை வென்றவரும் வேறு வேறு ஆட்கள். அது ஸ்மார்ஸ்லிக்கின் ஆறாவது பட்டம். இதே வோயன்ஸில் 2023இல், பயிற்சி நேரத்தில் விதிப்படி அணிய வேண்டிய உடையை அணியவில்லை என்று அவரையே போட்டியிலிருந்து விலக்கியிருந்தார்கள். சட்டைக்காக ஒரு சாம்பியனை வெளியே நிறுத்துவதா என்று கேட்பீர்கள். விதி எழுத்தில் இருந்தது, அவர் தவறியதும் உண்மை. ஆனால் பணம் கொடுத்து வந்த ரசிகருக்கு உடை தைத்தவரைப் பற்றிய அக்கறை எதற்கு? நான் அங்கே இருந்திருந்தால் ரசிகர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

திருவையாறு வாசகர்: அப்பா வைத்திருந்த ஜாவா வண்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதற்கும் ஸ்பீட்வேக்கும் தொடர்பு உண்டா?

குடும்பப் பெயர் அளவில் உண்டு. தங்கள் வண்டி மைசூரில் செய்யப்பட்டது. அதே செக் நாட்டு ஜாவாவின் பெயரில், திவிஷோவ் என்ற ஊரில் ஸ்பீட்வே எஞ்சின்கள் செய்யப்பட்டன. அவை மெத்தனாலில் ஓடுபவை, தங்கள் வண்டியில் ஊற்றிப் பார்க்க வேண்டாம். பழைய ரசிகர்கள் முதலில் நினைவுகூர்வது ஒரு வாசனையை. எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெய் ஊற்றிய காலத்தில் அரங்கம் முழுவதும் அது எரிந்த மணம் நிற்குமாம். ஆச்சி கரண்டியில் ஊற்றிக்கொண்டு துரத்திய விளக்கெண்ணெய்தான் அது. அதை ஆசையோடு முகர்ந்தவர்கள் உலகில் உண்டு என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மயிலாடுதுறை வாசகர்: காணும் பொங்கலன்று திருக்கடையூர் ரேக்ளாவில் கொடி அசைந்ததும் எழும் தகராற்றை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஸ்பீட்வேயில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது? தொலைக்காட்சியில் எப்போது பார்க்கலாம்?

நடுவர் ஒருவரே, மேலே ஓர் அறையில் இருந்து. வீரர் விழுந்து ஓட்டம் நின்றுவிட்டால், நிற்கக் காரணமானவரின் தலைக்கவச நிறத்தில் ஒரு விளக்கு எரியும். அவர் நீங்கலாக மற்றவர்களைக் கொண்டு மறுபடி ஓடவிடுவார்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய சில நொடிகளில் அரங்கம் அடங்கியிருக்கும், எரிந்ததும் பாதிப் பேர் ஆர்ப்பரிப்பார்கள், பாதிப் பேர் நடுவரின் கண்பார்வையைக் குறித்துப் பேசுவார்கள். திருக்கடையூரில், ‘கொடிக்கு முன்னாலேயே மாட்டை விட்டுட்டான்’ என்று சாலையோரத்தில் கேட்கும் குரல் எந்த மொழியில் ஒலித்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

கோடையில் போலந்தில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் நமக்கு இரவு 10.30. முடிய ஒரு மணிக்கு மேல் ஆகும். மறுநாள் விடியலில் வயலுக்கு மோட்டார் போட வேண்டியவர்கள் முதல் நான்கு ஓட்டங்களைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். தடம் எப்படி, நாடா எப்படி என்பது அதற்குள் தெரிந்துவிடும்.