கஜக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: கஜம் என்றால் யானை. துணி அளவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

அது வேறு, இது வேறு. யானையைக் குறிக்கும் கஜம் வடமொழி, துணிக்கடைக் கஜம் பாரசீகத்திலிருந்து வந்த 'கஸ்'. உருதுவில் துப்பாக்கிக் குழலுக்குள் மருந்தை இடிக்கும் கம்பியும் கஸ்தான், சாரங்கி வாசிக்கும் வில்லும் கஸ்தான். அளவும் ஊருக்கு ஊர், ஆட்சிக்கு ஆட்சி மாறியது. அக்பர் வகுத்த இலாஹி கஜம் 41 விரற்கடை. பிறகு வெள்ளைக்காரர்கள் வடக்கே நிலம் அளக்க அதையே 33 அங்குலமாக்கினார்கள். நம் ஜவுளிக்கடையில் ஆங்கில யார்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது: 36 அங்குலம். பழைய ஆவணத்தில் கஜம் என்று கண்டால் உடனே 3 அடி என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது கஜம் புடவை மீட்டரில் எவ்வளவு?

8.23. வாங்கும்போது மீட்டரில் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு முழம் ஒரு கஜம். அப்படியென்றால் கஜம் நம்முடைய அளவுதானே?

இல்லை ஐயா. முழம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. ஆளுக்கு ஆள் மாறும். அதை 18 அங்குலம் என்று நிறுத்திய பிறகுதான் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருகிறது.

அவரே மறுபடியும்: எட்டு முழ வேட்டி நாலு கஜம் சரியாக வருகிறதே?

வருகிறது, 3.66 மீட்டர். கணக்கு பொருந்துவதால் பெயர் நம்முடையதாகிவிடாது. சாணும் முழமும் நம்முடையவை. அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் கஜத்தைப் பிடித்து இழுத்து நம் பக்கம் சேர்ப்பது வரலாறு ஆகாது.

கேள்வி: ஆறு கஜம் மீட்டரில்?

5.49. மேலே ஒன்பதுக்குச் சொன்ன அதே கணக்குதான்: ஒரு கஜம் 0.9144 மீட்டர், பெருக்கிக்கொள்ளுங்கள். ரவிக்கைத் துணி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கடையில் அளவு குறைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

கையைப் பாருங்கள். துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்து அளந்தால், வீட்டுக்கு வந்ததும் அது சுருங்கி நிற்கும். நெகிழ்வான துணியில் இது நன்றாகத் தெரியும். முத்திரை குத்திய மீட்டர் கோலின்மேல் தளர்வாகப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். பில்லிலும் மீட்டர்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: பத்து கஜம் மீட்டரில் எவ்வளவு?

0.9144-ஐப் பத்தால் பெருக்குங்கள்.

கேள்வி: ஐதராபாத்தில் மனையை கஜத்தில் சொல்கிறார்களே?

அது சதுர கஜம், 9 சதுர அடி. மனை விலை பேசுவது என் வேலை இல்லை. பத்திரம் பார்ப்பவரிடம் கேளுங்கள்.