பிஎன்ஜி படத்தை டாட் கோப்பாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக 34 கட்டங்கள் உள்ள வலைப்படம் ஒன்றை கிராஃப்விஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டிருந்தேன். லேப்டாப் பழுதாகி, அதற்கு நான் எழுதிய டாட் கோப்பு போய்விட்டது. பிஎன்ஜி படம் மட்டும் மிச்சம். நெறியாளர் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்கிறார். படத்தை டாட்டாக 'கன்வெர்ட்' பண்ணித் தர டிடிபி கடையில் 2500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் டாட் கோப்பில் படமே கிடையாது. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு அம்பு போகிறது என்ற பட்டியல்தான் அது. கோலப் புத்தகத்தில் '15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை' என்று ஒரு வரி போட்டிருப்பார்களே, அது போல. பிஎன்ஜி என்பது போட்டு முடித்த கோலத்தின் போட்டோ. போட்டோவிலிருந்து புள்ளிக் கணக்கைச் சொல்லக் கோலம் தெரிந்த கண் வேண்டும்.

கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் படத்தைப் போட்டு 'டிரேஸ்' கொடுப்பார்கள். கோடுகளின் ஓரம் பிடித்து எஸ்விஜி (படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வைத்திருக்கும் கோப்பு) வரும். எழுத்துகூட வெறும் வளைகோடாகிவிடும், எந்தக் கட்டம் எதோடு சேர்ந்தது என்ற விவரம் துளியும் இருக்காது. இதைவிட மோசம், பிஎன்ஜியை அப்படியே எஸ்விஜிக்குள் செருகித் தருவது. நோட்பேடில் திறந்து பாருங்கள்: 'பேஸ்64' (base64) என்ற சொல்லும் அதன் பின்னே பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகளும் இருந்தால், உங்கள் பழைய படத்தையே உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். சிலர் கோப்புப் பெயரின் வாலை மட்டும் டாட் என்று மாற்றுவார்கள். வேர்டின் பழைய டெம்ப்ளேட்டுக்கும் அதே வால்தான்; சொடுக்கினால் வேர்டு திறக்கும், ஏதோ நடந்திருக்கிறது என்று நாமும் நம்பிவிடுவோம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 'ஜிவி' (.gv) என்ற வாலை வைக்கச் சொல்கிறார்கள்.

பழைய கோப்பிலிருந்த இணைப்புகளை அப்படியே மீட்க ஒரு வழி உண்டு. அந்தப் படத்தை எப்போதாவது எஸ்விஜியாகவும் எடுத்தீர்களா? நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், பென் டிரைவ், வாட்ஸாப் எல்லாவற்றிலும் தேடுங்கள். கிராஃப்விஸ் நேரடியாகத் தந்த எஸ்விஜி என்றால் தொடக்கத்திலேயே கிராஃப்விஸ் உருவாக்கியது என்று எழுதியிருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டத்தின் பெயரும், ஒவ்வொரு அம்புக்கும் 'இதிலிருந்து இதற்கு' என்பதும் 'டைட்டில்' (title) என்ற குறிக்குள் இருக்கும். அவற்றை மட்டும் வரிசையாக எடுத்து எழுதினால் உங்கள் இணைப்புப் பட்டியல் முழுதாகக் கிடைத்துவிடும். வேறு மென்பொருளில் திறந்து திருத்திச் சேமித்த எஸ்விஜி என்றால் இந்த உறுதி கிடையாது.

எஸ்விஜி கிடைக்காவிட்டால் கையால் தட்டச்சு செய்யுங்கள். படத்தை அச்செடுத்து, ஒவ்வோர் அம்பையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள்:

"விண்ணப்பம்" -> "ஆய்வு";

இப்படி ஓர் அம்புக்கு ஒரு வரி. 34 கட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஏஐயிடம் படத்தைக் கொடுத்தும் எழுதச் சொல்லலாம். ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அம்பை மாற்றிப் போட்டுவிடலாம், பென்சில் சரிபார்ப்பை விடாதீர்கள். கட்டங்கள் பழைய இடத்திலேயே வந்து உட்காராது. பரவாயில்லை, இணைப்பு சரியாக இருந்தால் போதும்.

அடுத்து, ஆய்வேட்டைக் கொடுக்கும்போது உங்களிடம் '300 டிபிஐ' (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) படம் கேட்பார்கள். எத்தனை அங்குல அகலத்துக்கு என்று சொல்லாமல் 300 என்று மட்டும் கேட்பதில் பொருளே இல்லை. 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலத்தில் அச்சானால் 300 டிபிஐ, 8 அங்குலத்தில் 150. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜியை வாங்கிக்கொள்ளாமல் மாணவர்களைக் கடை கடையாக அலைய விடும் இந்த விதிமுறைகளை யார்தான் திருத்தப்போகிறார்களோ! உங்களுக்கு இனி அந்த அலைச்சல் வேண்டாம்: டாட் கோப்பில் முதல் அடைப்புக்குறி { திறந்ததும் அதற்குள் dpi=300; என்று ஒரு வரி சேர்த்து பிஎன்ஜி எடுங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்கள் வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவை நிறுவி, அதன் பெயரையும் கோப்பில் குறிப்பிடுங்கள். தமிழ் எழுத்து சிதையாமல் இருக்க, கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் சேமியுங்கள்.