பிங்க் ஷீட் போட்டால் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் அச்சுக்கடை வைத்திருக்கிறோம். போன வருடம் போட்ட ஜிப்சம் போர்டு தடுப்பில் ஜாயின்ட் எல்லாம் கோடு கோடாக விரிசல். இப்போது பேப்பர் ஸ்டோருக்கும் ஆபீஸுக்கும் நடுவே இன்னொன்று வேண்டும். பிங்க் ஷீட் (தீ தாங்கும் வகை ஜிப்சம் போர்டு) போட்டால் தீ பிடித்தாலும் 2 மணி நேரம் நிற்கும் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா? பழைய விரிசலுக்கு என்ன வழி?
– வாசகி, அல்சூர்

பதில்: ஷீட் நல்ல ஷீட்தான். ஆனால் அந்த 2 மணி நேரம் ஷீட்டுக்கு உரியது இல்லை. ஸ்டட் (போர்டை முடுக்கும் செங்குத்துச் சட்டம்) அளவு, இடைவெளி, இருபுறமும் எத்தனை அடுக்கு, உள்ளே ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) உண்டா என எல்லாம் சேர்த்து உலையில் சோதித்த முழுச் சுவருக்குத்தான் அந்தக் கணக்கு. சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அதில் உள்ளபடியே கட்டச் சொல்லுங்கள்.

ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சூடேறும்போது அது ஆவியாகிப் போகும் வரை வெப்பம் அடுத்த பக்கம் போகத் தாமதமாகும். தண்ணீர் தீர்ந்ததும் சாதாரண போர்டு சுருங்கி உதிரும். பிங்க்கில் கண்ணாடி இழை கலந்திருப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து நிற்கும், அவ்வளவுதான்.

காரியத்தைக் கெடுப்பது ஓட்டைகள். தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுவார்கள், தீயும் புகையும் சாவகாசமாக மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். கான்கிரீட் தளம் வரை ஏற்றச் சொல்லுங்கள். கேபிள், ஏசி பைப் நுழையும் இடத்தில் சாதாரண ஃபோம் அடிக்க விடாதீர்கள், அதுவே எரியும். ஃபயர் சீலன்ட் (தீ தாங்கும் அடைப்புப் பசை)தான் வேண்டும். இருபக்க ஸ்விட்ச் பாக்ஸையும் முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது. கதவும் தீ தாங்கும் கதவாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் செலவு.

12.5 மி.மீ. போர்டு இரண்டு அடுக்கு என்றால் உள் அடுக்குக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, வெளி அடுக்குக்கு 35. ஒரு அடுக்கின் ஜாயின்ட் மேல் அடுத்ததன் ஜாயின்ட் விழக் கூடாது. ஸ்க்ரூ தலை போர்டின் மேல் காகிதத்துக்குச் சற்றுக் கீழே அமுங்கலாம், காகிதம் கிழிந்தால் அந்த ஸ்க்ரூவுக்குப் பிடி இல்லை.

பழைய விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம், டேப் இல்லாமல் வெள்ளை சிமென்ட் புட்டியை இழுத்துவிட்டதுதான். மேலேயே பூசினால் மறுபடி வரும். சுரண்டி எடுத்து, ஜாயின்டிங் காம்பவுண்டில் பேப்பர் டேப்பைக் குமிழி இல்லாமல் பதித்து, ஒவ்வொரு பூச்சையும் முந்தையதைவிட அகலமாக மொத்தம் மூன்று பூச்சு இழுத்து, கடைசியில் தேய்க்க வேண்டும். நடுவில் நன்றாகக் காய விடுங்கள், பெங்களூரு மழைக்காலத்தில் ஒரு நாள் போதாது. விரிசலுக்குப் பின்னால் ஸ்டட் இல்லை என்றால் போர்டையே கழற்றி ஸ்டட் வைக்கத்தான் வேண்டும்.